தொற்றிலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூல், பிரீமியம் கட்டாத பாலிசி. ஆகவே எட்டும் முறையாகச் சொல்லிவிடுவோம்.

நூலின் பெயர் தொற்றிலக்கணம். ஆக்கியோன், பாலிசிப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கும் கெட்ட பழக்கமுள்ள ஒரு சோளிங்கர்க்காரன். வழி: வேலை ஒப்பந்தம், காப்பீட்டு ஒப்பந்தம் என்னும் இரண்டு முதனூல்கள். எல்லை: கிழக்கே அரக்கோணம், வடக்கே ஆந்திர எல்லை, மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, தெற்கே பாலாற்று மணலுக்கு அக்கரை. யாப்பு: நூற்பாவும் உரையும். நுதலிய பொருள்: ஆளிடமிருந்து ஆளுக்கோ, மாட்டிடமிருந்தும் கொசுவிடமிருந்தும் ஆளுக்கோ வந்து சேரும் நோய்களை ஒப்பந்தங்கள் எத்தனை வகையாகப் பிரிக்கின்றன என்பது. கேட்போர்: டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்ப்போர், அவர்தம் வீட்டார், கிளெய்ம் தள்ளுபடியான யாவரும். பயன்: எதனால் தள்ளுபடியாயிற்று என்று தெரிந்துகொள்வது. பணம் கிடைப்பது இந்நூலின் பயனன்று.

இத்துறையில் மூன்று மதங்கள் உண்டு. மஸ்டர் ரோலும், தொழிலாளர் அரசுக் காப்பீடாகிய இ.எஸ்.ஐ. கணக்கும் பார்ப்பவர் கிளார்க் மதத்தார். வீடு தேடி வந்து கையெழுத்து வாங்குபவர் ஏஜெண்ட் மதத்தார். ஆள் கூட்டி வந்து பீஸ் ரேட்டுக்கு வேலை வாங்குபவர் மேஸ்திரி மதத்தார். மருத்துவர் மதம் ஒன்று உண்டெனினும் அது ஈண்டு வேண்டப்படாது. கிருமி எது என்று பார்த்து நோயைப் பிரிக்கும் பேதைமை அவர்களிடம் மட்டுமே காணப்படுவது.

பிறப்பியல்

*விபத்தும் தொழில்நோயும் வெறுநோயும் என்றாங்கு
அப்பால் மூன்றே தொற்றின் பிறப்பே.*

உரை: ஒரே கிருமி மூன்று குலத்திலும் பிறக்கும். எந்தக் குலம் என்பதை உடம்பு முடிவு செய்வதில்லை. தாள் முடிவு செய்கிறது.

அடைப்பானைச் சான்றாக எடுத்துக்கொள்க. பேப்பரில் ஆந்த்ராக்ஸ் என்று வருவது இதுவே. ஆடு மாட்டைக் கொன்றபின் இக்கிருமி வித்தாக மாறி மண்ணிலும் தோலிலும் ரோமத்திலும் பல ஆண்டுகள் கிடக்க வல்லது. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கோடவுனில் உப்புத் தோல் மூட்டையைப் பிரிக்கும்போது போய் நின்றால் இயல்பு விளங்கும். மடித்த தோலை இரண்டு பேர் இரு முனையில் பிடித்து உதறுவார்கள். உப்பும் ரோமமும் காய்ந்த சாணப் பொடியுமாக ஒரு மேகம் எழுந்து முகத்தில் அடிக்கும். முழங்கை வரை உப்பு அரித்த கீறல்கள். வித்து உள்ளே போக ஒரு கீறல் போதும். சில நாளில் ஒரு கொப்புளம்; வலிக்காது; நடுவே கரிய பொருக்கு கட்டும். இது ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் தோலிடமிருந்து தோல்காரருக்குப் பரவும்.

இது நோயா, விபத்தா? 1905-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இதைத்தான் விசாரித்தது. கிடர்மின்ஸ்டர் ஊரின் பிரின்டன்ஸ் கம்பள ஆலையில் ரோமம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் கண்ணில் அடைப்பான் கிருமி போய் ஒட்டியது. ஆள் இறந்தார். கிருமி கண்ணில் வந்து விழுந்ததே ஒரு விபத்து, ஆகவே நட்டஈடு உண்டு என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். ஒருவர் மட்டும் ஒப்பவில்லை.

பிறகு உலகமே இந்த வழிக்கு வந்தது. 1925-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, நட்டஈடு தரவேண்டிய தொழில்நோய்கள் என்று ஒரு சிறு பட்டியல் போட்டபோது அதில் இருந்தவை மூன்றே: ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, அடைப்பான். இந்தியா 1927-இல் அதை ஏற்றது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை, அதில் 'ஏ' பகுதி, அதில் முதல் வரி: தொற்று, ஒட்டுண்ணி நோய்கள். எவ்வேலைக்கு? விலங்கு, விலங்கின் பிணம், அதன் உறுப்பு, அவற்றால் அசுத்தப்பட்டிருக்கக்கூடிய சரக்கு ஆகியவற்றைக் கையாளும் வேலைக்கு. பச்சைத் தோலை இதைவிடத் தெளிவாக யாரும் சுட்ட முடியாது. இ.எஸ்.ஐ. சட்டத்திலும் இதே வரி இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் இரண்டு சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. பட்டியல் மட்டும் அங்கும் தொடர்கிறது.

அந்த 1923 சட்டம் செய்த ஒரு நுட்பத்தை இலக்கணம் கற்றோர் ரசிக்க வேண்டும். இப்பட்டியல் வேலையில் இப்பட்டியல் நோய் வந்தால், அது 'விபத்தால் நேர்ந்த காயமாகவே கருதப்படும்' என்றது. மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி வேலையால் நேர்ந்ததாகவும் கொள்ளப்படும் என்றது. காரணத்தின் பெயர் காரியத்துக்கும், இடத்தின் பெயர் இடத்தில் உள்ளதற்கும் ஆகி வருவதைப் பவணந்தியார் ஆகுபெயர் என்றார். நோயின் இடத்தில் விபத்து ஆகி வருவதைக் கண்டு நூல் செய்யும் பேறு சட்டம் இயற்றியோர்க்கே வாய்த்தது.

ஆனால் இந்த ஆகுபெயர் எல்லா ஊரிலும் செல்லாது. அசாமில் தேயிலைத் தொழிற்சாலை மேலாளராக இருந்த ஒருவர் வேலை நிமித்தம் மொசாம்பிக் போனார். 2012-இல் அங்கே மலேரியாவில் இறந்தார். வீட்டுக்கடனோடு சேர்த்து எடுத்த விபத்துக் காப்பீடு இருந்தது. கொசு கடித்தது எதிர்பாராதது, ஆகவே விபத்து என்றது குடும்பம். நுகர்வோர் மன்றங்கள் மூன்று படியிலும் ஆமென்றன. 2019 மார்ச் 26-இல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது: மலேரியா அவ்வளவு பரவலாக உள்ள நாட்டில் கொசு கடித்து நோய் வருவது எதிர்பாராதது அன்று. இதிலிருந்து பெறப்படும் விதி யாதெனின், ரோமத்திலிருந்து கிருமி விழுந்தால் விபத்து, கொசுவிலிருந்து விழுந்தால் நோய். ஐயப்படுவோர் கொசுவைக் கேட்டுத் தெளிக.

இனி, பிறப்பு வேறுபாட்டால் வரும் பயன் வேறுபாடு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள ஒருவருக்கு அடைப்பான் வந்து அது வேலைக்காயம் என்று ஏற்கப்பட்டால், தற்காலிக ஊனப் படி கூலியில் 90 சதவீதம். முதல் நாள் வேலையிலேயே வந்தாலும் உண்டு. காசநோய் வந்தால் நீடித்த நோய்ப் படி, 80 சதவீதம். அதற்கு இரண்டு ஆண்டு சர்வீஸ் வேண்டும். டைபாய்டோ கொரோனாவோ வந்தால் சாதா நோய்ப் படி, 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. காய்ச்சலின் அளவு இங்கே தெர்மாமீட்டரால் அளக்கப்படுவதன்று.

காலவியல்

*கட்டிய நாளும் காத்த நாளும்
படுத்த நாளும் எண்ணப் படுமே.*

உரை: கட்டிய நாளாவது, நோய்க்கு முன் சந்தா போன நாள். சாதா நோய்ப் படிக்கு ஆறு மாதப் பருவத்தில் 78 நாள் சந்தா போயிருக்க வேண்டும். கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கென்று இ.எஸ்.ஐ. தனியாக ஒரு நிவாரணத் திட்டம் போட்டது. மாதம் குறைந்தது 1,800 ரூபாய். சராசரிக் கூலியில் 90 சதவீதம் வரை. அதற்கு நோய் உறுதியாவதற்கு மூன்று மாதம் முன்பே பெயர் பதிந்திருக்க வேண்டியிருந்தது. முந்தைய ஓராண்டில் 70 நாள் சந்தாவும் வேண்டியிருந்தது. ஊரடங்கில் கம்பெனி மூடிக் கிடந்த காலத்தில் 70 நாளை எண்ணியவர்கள் இந்நூற்பாவை நன்கு அறிவர்.

காத்த நாளாவது, ஒப்பந்தம் போட்டபின் நோய்க்கு இடங்கொடாமல் இருக்க வேண்டிய நாள். சாதாரண மருத்துவக் காப்பீட்டில் முதல் 30 நாள். 2020 ஜூலையில் வந்த கொரோனா கவச், கொரோனா ரக்ஷக் பாலிசிகளில் 15 நாள். 2021-இல் டெங்கு, மலேரியா, சிக்குன்குனியா முதலியவற்றுக்காக வந்த மஷக் ரக்ஷக் என்னும் கொசுப் பாலிசியிலும் 15 நாள். இ.எஸ்.ஐ.யில் நோயின் முதல் இரண்டு நாளுக்குப் படி கிடையாது. சோளிங்கர்க்காரருக்கு இது புரிவது கடினம். இவ்வூர் திருக்கடிகை, மலைமேல் யோக நரசிம்மர் முன்னே ஒரு கடிகை நேரம், அதாவது 24 நிமிடம், நின்றாலே வீடுபேறு என்பது தலபுராணம். வீடுபேற்றுக்கு 24 நிமிடமும் வைரஸ் காய்ச்சலுக்கு 30 நாளும் ஏன் என்று கேட்டால், முன்னதற்கு 1,305 படி ஏற வேண்டும் என்பர் ஏஜெண்ட் மதத்தார். ரோப் கார் வந்தபின் அவ்விடை வலுவிழந்தது.

படுத்த நாளாவது, ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம். கொரோனா ரக்ஷக்கில் தொடர்ந்து 72 மணி நேரம். மஷக் ரக்ஷக்கிலும் முழுத் தொகைக்கு அதே 72. நோய் உறுதியானதோடு சரி என்றால் தொகையில் 2 சதவீதம். 70-ஆம் மணியில் குணமாகி வீடு திரும்புவது நோயாளியின் கவனக்குறைவாகவே கொள்ளப்படும்.

விபத்துக்கு இக்காலமெல்லாம் இல்லை. அதனால்தான் பிறப்பியல் முதலில் வைக்கப்பட்டது. பேங்க் பாஸ்புக்கைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு பிடித்தம் தெரியும். பிரதமர் பெயரிலான விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். எப்படி இறந்தாலும் என்னும் ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய். இரண்டிலும் கிடைப்பது இரண்டு லட்சமே. இருபது எங்கே, நானூற்று முப்பத்தாறு எங்கே? இடைப்பட்ட 416 ரூபாய்தான் நோயின் விலை. அதிலும் முதல் 30 நாளில் நோயால் இறந்தால் பணமில்லை. விபத்தால் இறந்தால் உண்டு.

இடவியல்

*கட்டில் உண்டேல் காப்பும் உண்டே
வட்டம் உண்டேல் வழக்கும் உண்டே.*

உரை: மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் 24 மணி நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால்தான் கண் திறக்கும். தொற்றுநோய்களில் தலையாய காசநோயோ பெரும்பாலும் கட்டில் கேட்பதில்லை. இதைக் கண்டுபிடித்ததே நம் மாநிலம்தான். 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், நோயாளியைச் சானட்டோரியத்தில் வைத்து மருந்து கொடுப்பதற்கும் வீட்டில் வைத்துக் கொடுப்பதற்கும் பலனில் வேறுபாடு இல்லை என்று 1959-இல் காட்டியது. உலகம் முழுவதும் சானட்டோரியங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு பெருங்காரணம். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கு மருத்துவம் நடக்கிறது. அங்கும் பெரும்பாலோர் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களே. நோயைக் கட்டிலை விட்டு இறக்கினார்கள் மருத்துவர்கள். பாலிசி இன்னும் கட்டிலடியிலேயே காத்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. கொரோனா கவச் பாலிசி, டாக்டர் சொல்படி வீட்டிலேயே பார்க்கும் மருத்துவத்துக்கு 14 நாள் வரை பணம் தந்தது. கட்டில்கள் தீர்ந்துபோனதால் வந்த கருணை என்று கொள்க.

வட்டமாவது, முதலாளிமாரின் வியாபார இழப்புக் காப்பீட்டில் வரும் சுற்றெல்லை. பிரிட்டனில் சில பாலிசிகள், கடையைச் சுற்றி 25 மைலுக்குள் அறிவிக்கத்தக்க நோய் வந்து அதனால் வியாபாரம் கெட்டால் பணம் என்றன. கொரோனா நாடெங்கும் பரவியபோது, வட்டத்துக்குள் வந்த ஒரு நோயாளியாலா உன் கடை மூடியது என்று கம்பெனிகள் கேட்டன. 2021 ஜனவரி 15-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், உள்ளே இருந்த ஒவ்வொரு நோயாளியும் வெளியே இருந்தவர்களோடு சேர்ந்து சமமான காரணமே என்றது. சோளிங்கர்ப் பேருந்து நிலையத்தில் காம்பஸ் முனையை ஊன்றி 25 மைல் வட்டம் போட்டால் அரக்கோணமும் ராணிப்பேட்டையும் உள்ளே விழும். ஆம்பூர் வெளியே நிற்கும். தினம் கம்பெனி பஸ்ஸில் கோட்டைத் தாண்டிப் போய் வருகிறவரின் இருமல் எந்தப் பக்கத்தது என்பதைக் கற்போர் ஆராய்க.

விலக்கியல்

*தீயும் மின்தடையும் திரிந்த பொறியும்
கொள்ளை நோயும் ஓரினம் என்ப
கதவடைக் குங்கால் கணக்கர் தாமே.*

உரை: 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகளில், முன்னறிவிப்பின்றி வேலையை நிறுத்தத் தக்க காரணங்கள் ஒரே வரியில் வந்தன: தீ, பேரிடர், மெஷின் பழுது, மின்தடை, கொள்ளைநோய், கலவரம். டிரம்மின் பெல்ட் அறுவதும் ஊரில் காலரா வருவதும் இங்கே உடன்பிறப்புகள். ஆனால் 1947 தொழில் தகராறுச் சட்டம் லே-ஆஃபுக்குக் காரணங்களை எண்ணியபோது நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள், சரக்குத் தேக்கம், மெஷின் பழுது, இயற்கைப் பேரிடர் என்றதே தவிரக் கொள்ளைநோயைப் பெயர் சொல்லவில்லை. லே-ஆஃப் என்றால் பாதிக் கூலி உண்டு. வேலையை நிறுத்தும் பட்டியலில் பெயரோடு நிற்கும் நோய், பாதிக் கூலி தரும் பட்டியலில் 'இவற்றோடு தொடர்புடைய பிற' என்னும் வாலில் தொங்க வேண்டியதாயிற்று.

2020-இல் இது சோதனைக்கு வந்தது. பிப்ரவரி 19-இல் மத்திய நிதியமைச்சகம், கொரோனாவால் சரக்கு வரத்து கெட்டால் அதை இயற்கைப் பேரிடராகக் கொள்ளலாம் என்று அரசுக் கொள்முதல்களுக்கு எழுதியது. ஆம்பூருக்கு ஆர்டர் கொடுத்த ஐரோப்பிய வாங்குநர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். ஏற்றாத சரக்குக்குத் தெய்வச் செயல் காரணமாயிற்று. மார்ச் 29-இல் உள்துறை, தொழிலாளிக்குப் பிடித்தமின்றி முழுக்கூலி கொடு என்றது. மே 18 முதல் அவ்வாணை இல்லாமற் போனது. ஜூன் 12-இல் உச்ச நீதிமன்றம், இருதரப்பும் பேசித் தீர்த்துக்கொள்க என்றது. ஆகவே, வாங்குநர்க்குத் தெய்வம், முதலாளிக்குப் பேரிடர், தொழிலாளிக்குப் பேச்சுவார்த்தை. ஒரே வைரஸ்.

நோய் ஊருக்கு வராமல் ஓர் ஆளுக்கு மட்டும் வந்தால் வேறு விதி. இ.எஸ்.ஐ. சட்டம், நோய்ப் படி வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்காதே என்றது. 1947 சட்டமோ, தொடர்ந்த நலக்குறைவு காரணமாக ஒருவரை அனுப்பினால் அது ஆட்குறைப்பு ஆகாது, ஆகவே ஆட்குறைப்புக்கான நட்டஈடு இல்லை என்றது. கொஞ்ச நாள் நோய்க்குப் பாதுகாப்பு, நெடுநாள் நோய்க்கு வழியனுப்பு என்று இரண்டையும் சேர்த்துப் படித்தார் கிளார்க் மதத்தார்.

எச்.ஐ.வி. இவ்வியலின் தனி நிலை. இந்தியாவில் அது இருப்பதை முதலில் காட்டிய சோதனை நம் எல்லைக்குள்தான் நடந்தது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. பின்பு வேலைக்கு ஆள் எடுப்போர் அச்சோதனையைக் கேட்கத் தொடங்கினார்கள். வேலை செய்யத் தகுதியுள்ளவரைக் கிருமியைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 1997-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல், வேலையிலும் காப்பீட்டிலும் பாகுபாட்டைத் தடுத்தது. காப்பீட்டுக்கு மட்டும் ஒரு கதவு திறந்து வைத்தது: கணிப்பியல் ஆய்வின் ஆதாரம் இருந்தால் வேறுபடுத்தலாம். ஒதுக்குவதற்கும் இனிக் கணக்குப் போட வேண்டும் என்பது முன்னேற்றமே.

ஆளியல்

*மஸ்டரில் உள்ளோர் உயர்திணை, அல்லோர்
அஃறிணை, வீட்டில் தைப்போர் விரவே.*

உரை: இதுகாறும் நோயை வகைப்படுத்தியதாகப் பாவனை செய்தோம். இனி உண்மை சொல்லலாம். ஒப்பந்தங்கள் பிரிப்பது நோயை அன்று, ஆளை.

உயர்திணையாவார், கம்பெனி ரோலில் பெயரும் இ.எஸ்.ஐ. எண்ணும் உடையவர், கூலி 21,000 ரூபாய்க்குள் இருப்பவர். கூலியில் 0.75 சதவீதம் அவர் பங்கு, 3.25 சதவீதம் கம்பெனி பங்கு. மேலே சொன்ன 90, 80, 70 எல்லாம் இவர்க்கே உரியன. ஷூ கம்பெனியில் குளிர்ந்த ஹாலில் தையல் மெஷின் முன் அமர்ந்திருப்பவரிடம் பச்சைத் தோல் வந்து சேர்வதற்குள் அது சுண்ணாம்பும் அமிலமும் குரோமும் கண்டு வெட் புளூ ஆகிச் சாயமும் ஏறியிருக்கும். வித்து அங்கே வருவது அரிது. அட்டை மட்டும் தவறாமல் வரும்.

அஃறிணையாவார், உப்புத் தோல் உதறுவோர், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குவோர், கொழுப்பு சுரண்டுவோரில் மேஸ்திரி கணக்கில் இருப்பவர். அடைப்பானுக்கு மிக அருகில் நிற்பவர் இவரே. சட்டத்தின் 'ஏ' பகுதி முதல் வரி இவரை நினைத்தே எழுதியது போலிருக்கும். ஆனால் அந்த வரி இவருக்குக் கைகொடுக்க, இவர் அந்த டேனரியில் அன்று வேலை செய்தார் என்று ஒரு தாள் வேண்டும். தாள் மேஸ்திரியின் சட்டைப் பையில் சிகரெட் அட்டையில் பென்சிலால் எழுதியிருக்கும். 'ஆள் எங்க ஆளு இல்ல சார், மேஸ்திரி ஆளு' என்பது இத்திணைக்கு ஓதப்படும் வாய்பாடு.

விரவுத்திணையாவார், ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கம் வீட்டுத் திண்ணையில் ஷூவின் மேல்பாகம் கையால் தைக்கும் பெண்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. இவர்களுக்கு நோய் வந்தால் அது வேலையால் வந்ததா, வீட்டால் வந்ததா என்ற வினாவே எழாது. வீடே வேலையிடம், வேலையிடமே வீடு. ஒப்பந்தம் இல்லாததால் விலக்கும் இல்லை, காத்திருப்பும் இல்லை. காப்பும் இல்லை.

புறனடை

*கூலி என்றெழுதின் நோயே, ஈங்குத்
தோலுதறி என்றெழுதின் விபத்தெனப் படுமே.*

உரை: மேற்கூறிய விதிகளில் அடங்காதவற்றையெல்லாம் இதனால் முடித்துக்கொள்க. ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டில் பெயர், வயது, பால் ஆகியவற்றுக்குக் கீழே 'தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. சோளிங்கர் முதல் வாணியம்பாடி வரை அக்கட்டத்தில் நிரம்பியிருப்பது ஒரே சொல்: கூலி. சீட்டு எழுதுபவருக்கு நேரமில்லை. நிற்பவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்த ஒரு சொல்லால் கரிய பொருக்கு சாதாப் புண்ணாகிறது. 90 சதவீதம் 70 ஆகிறது. அட்டை இல்லாதவர்க்கு அதுவும் இல்லை.

1948-ஆம் ஆண்டின் ஃபேக்டரி சட்டத்து அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் குரோமப் புண்ணும் அடைப்பானும் அடுத்தடுத்து நின்றன. ஃபேக்டரித் தொழிலாளிக்கு அவை இருப்பதாகக் கருதும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதியாக இருந்தது. எழுத வேண்டுமானால் முதலில் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே மாணாக்கர் செய்யத் தக்கது யாதெனின், சீட்டு வாங்குமுன் ஜன்னலில் குனிந்து, என்ன வேலை, எந்த டேனரி, எத்தனை நாளாக என்பதை வாய்விட்டுச் சொல்லி எழுதச் சொல்வது. பின்னால் நிற்பவர்கள் 'சீக்கிரம்பா' என்பார்கள். அதைப் பொருட்படுத்தற்க. வரிசையில் அடுத்து நிற்பவரையும் அவ்வாறே சொல்லச் செய்க. இந்நூலில் பணம் தரக்கூடிய விதி இது ஒன்றே.